சக்கரமும் தாளமும்

வசந்த ருது எப்பொழுது வருகிறது என்று பஞ்சாங்கத்தைக் கேட்டால், சித்திரையும் வைகாசியும் என்று அது கண்டிப்பாகப் பதில் சொல்லுகிறது. பஞ்சாங்கத்தின் பேரில் நமக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆயினும், தஞ்சைச் சீமையில் அதை நம்பிச் சைக்கிளை வெளியே எடுக்கிறவர்கள் ஏமாந்து போவார்கள். சித்திரை 21-ஆம் தேதி வாக்கில் அக்கினி நட்சத்திரம் ஆரம்பித்துவிடுகிறது. அதற்குப் பத்து நாள் முன்னதாகவே தார்ச் சாலை இளகத் தொடங்கி, சக்கரத்தைக் கையைப் பிடித்து இழுப்பதுபோல் இழுக்கும். ஆகவே, இந்த ஊரில் வசந்தத்தை அநுபவிக்க விரும்புகிறவர்கள் பஞ்சாங்கத்தை ஒரு மாதம் முந்திக்கொள்ள வேண்டும். பங்குனி பிறந்ததும் புறப்பட்டுவிட வேண்டும். அதிலும் காலை ஐந்தரை மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவே உள்ள இரண்டரை மணி நேரந்தான் நமக்கு வாய்த்த வசந்தம். அதற்கு முன்னால் இருட்டு. அதற்குப் பின்னால் வெயில்.

உபாத்தியாயர்களுக்கு இதிலே மற்றொரு சங்கடமும் உண்டு. வேப்பமரம் பூக்கிற அதே வாரத்தில்தான் அரசாங்கத்துப் பொதுப் பரீட்சையும் பூக்கிறது. குயில் கூவுகிற நேரத்தில் நாம் மாணவிகளின் பெயர்ப் பட்டியலைக் கூவிக்கொண்டிருக்கிறோம். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மிஞ்சுகிறது. பங்குனியில் ஞாயிற்றுக்கிழமைகள் நான்கு. சில வருஷங்களில் ஐந்து. வருஷம் முழுவதிலும் நமக்குக் கிடைக்கிற வசந்தம், கணக்குப் பார்த்தால், பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் இராது. கணக்கு உபாத்தியாயினியாகிய நாம் இந்தக் கணக்கைப் போடாமல் இருந்திருக்கலாம். போட்டுவிட்டபடியால், அந்த மணிகளை வீணாக்குவதற்கு மனம் வருவதில்லை.

நாம் போவது தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குச் செல்லும் சாலை. தூரம் சுமார் 13 கிலோமீட்டர். இந்தச் சிறிய தூரத்துக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவேரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டிப் போகிறோம். ஐந்து ஆறு என்றவுடன் நேயர்கள் ஜிலுஜிலுவென்று ஓடும் தண்ணீரைக் கற்பனை செய்துகொண்டால், அதற்கு நாம் பொறுப்பாளி அல்ல. மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறந்து ஜனவரி 28-ஆம் தேதி மூடுவது வழக்கம். பங்குனியில் ஐந்து ஆறுகளிலும் மணல்தான் ஓடுகிறது. ஆனால் அந்த மணலின் மேல் விடியற்காலை வெளிச்சம் படிகிற அழகு தனி. இரு பக்கத்து வயல்களில் சம்பா அறுவடையாகிய தாளுக்கு நடுவே உளுந்தும் பயறும் காய்த்து முற்றிக்கொண்டிருக்கும். புங்கமரங்கள் அப்பொழுதுதான் எண்ணெய் தேய்த்துக் குளித்தவைபோல் புதுத் தளிரில் பளபளக்கும். இலுப்பை மரத்தடியில் இரவெல்லாம் மலர்ந்த பூ விடியற்காலையில் உதிர்ந்து கிடக்கும். அந்த வாசனையைச் சைக்கிளில் போகிறவர்தான் உள்ளபடி அறிவார். காரில் போகிறவர்களுக்கு அது எட்டுவதில்லை. நடந்து போகிறவர்களுக்கு அடுத்த மரம் வருவதற்குள் வெயில் வந்துவிடுகிறது.

நமது வண்டியைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். அது நம் தாயாருடைய வண்டி. 1991, 1992-ஆம் வருஷங்களில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தபொழுது, எழுத்தறிவோடு சைக்கிள் விடவும் ஸ்திரீகளுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் அங்கே சைக்கிள் பழகினார்கள். பெண்கள் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காமற் போகவே, பலர் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறிவிட்டார்கள். குறுக்குக் கம்பி இருப்பது ஒரு விதத்தில் சௌகரியம், அதன்மேல் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று சிலர் அதையே விரும்பி வாங்கினார்கள். நம் தாயார் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர். அப்பொழுது நமக்குப் பத்து வயது. தம்பி கம்பியிலும் நாம் கேரியரிலுமாக உட்கார்ந்து போனதைப் பார்த்துத் தெருவில் சிரித்தவர்கள் உண்டு. தாயார் அதைக் கவனிக்கவில்லை. கீழே விழாமல் இருப்பதிலேயே அவருடைய கவனம் முழுவதும் இருந்தது.

அந்த வண்டியில் முன்னால் உள்ள பற்சக்கரத்துக்கு 44 பல்; பின்னால் உள்ளதற்கு 18. மிதி ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு 2¼ மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆக, ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி சுமார் 5½ மீட்டர் செல்லுகிறது. நிமிஷத்துக்கு 45 சுற்று மிதித்தால், மணிக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர். நம்மைப் போன்ற நடுத்தர வயதினருக்கு மூச்சு வாங்காமல் பாட்டு முணுமுணுக்க இதுவே ஏற்ற வேகம்.

பாட்டு என்று சொன்னோம் அல்லவா? விஷயமே அதுதான்.

சிறு வயதில் நாம் நான்கு வருஷம் சங்கீதம் கற்றுக்கொண்டோம். வர்ணம் வரையில் வந்து நின்றுவிட்டது. பெரிய வித்துவத்துவம் ஒன்றும் இல்லை. ஆனால் தாளம் மட்டும் உடம்பில் ஒட்டிக்கொண்டுவிட்டது. சைக்கிள் மிதிக்கிறவருக்கு வலக்கால் ஒரு தட்டு, இடக்கால் ஒரு தட்டு. ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. அதாவது நான்கு மிதிச் சுற்று. ஓர் ஆவர்த்தனம் பாடி முடிப்பதற்குள் 22 மீட்டர் சாலை பின்னால் போய்விடுகிறது. எட்டு இரட்டைப்படை எண் ஆகையால், ஆவர்த்தனத்தின் முதல் தட்டு எப்பொழுதும் ஒரே காலில் விழும். வலக்காலில் ஆரம்பித்தால் திருவையாறு போய்ச் சேரும்வரை வலக்காலே சுமக்க வேண்டியதுதான். ஆனால் ஏழு எண்ணிக்கை கொண்ட மிச்ர சாபு தாளத்தில் பாடிப் பாருங்கள். மூன்றும் நான்குமாக ஏழு தட்டு முடிந்ததும், அடுத்த ஆவர்த்தனம் இடக்காலில் ஆரம்பிக்கும்; அதற்கு அடுத்தது வலக்காலில். இரண்டு கால்களும் முறை வைத்துக்கொண்டு வேலை செய்யும். மூன்று எண்ணிக்கையில் போடும் ரூபகமும் அப்படியே. இதைக் கண்டுபிடித்த அன்று நாம் ஏதோ ஒரு தேற்றத்தை நிரூபித்துவிட்டதுபோல் அடைந்த சந்தோஷத்தை, சாலையில் எதிரே வந்த பால்காரர்கூட ஆச்சரியத்துடன் பார்த்தார்.

நாட்டியப் பாட்டுக்கும் தஞ்சாவூருக்கும் உள்ள உறவு ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்டது. முதலாம் ராஜராஜன் பெரிய கோயிலில் நானூறு ஆடல் மகளிரைக் குடியேற்றி, ஒவ்வொருவருக்கும் வீடும் நெல்லும் அளித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. அவர்களுடைய பெயர்களும் கல்லில் இருக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் க்ஷேத்ரக்ஞர் தெலுங்கில் பதங்களை இயற்றினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இரண்டாம் சரபோஜி மன்னரின் சபையில், சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நான்கு சகோதரர்கள் இருந்தார்கள். முத்துசுவாமி தீக்ஷிதரின் சிஷ்யர்கள் அவர்கள். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிகிற நாட்டியக் கச்சேரியின் வரிசையைச் சீராக அமைத்துக் கொடுத்தவர்கள் அவர்களே. வடிவேலுவுக்கு 1834-ஆம் வருஷம் சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தாலான பிடில் ஒன்றைப் பரிசளித்தார்.

இந்தப் பாட்டுக்களிலே நம் மனத்தை மிகவும் கவர்ந்தது பதம். வர்ணத்தில் ஆடுகிறவருடைய உடல்வலு தெரியும். தில்லானாவில் சுறுசுறுப்புத் தெரியும். பதத்தில் மனம் தெரியும். கோபித்துக்கொண்ட நாயகி, காத்திருக்கிற நாயகி, தோழியிடம் சொல்லியும் சொல்லாமலும் குறைப்படுகிற நாயகி ஆகியோர் உலாவுகிற இடம் அது. அதனால்தான் அதை விளம்ப காலத்தில், அதாவது மிக நிதானமாகப் பாட வேண்டியிருக்கிறது. மனசு என்ன, தில்லானாவா ஆடும்? வீணை தனம்மாள் (1867–1938) குடும்பத்தில் இந்தப் பதங்கள் பொக்கிஷம்போல் காப்பாற்றப்பட்டன. அவருடைய பேத்தியார் பாலசரஸ்வதி (1918–1984) ஆடும்பொழுது, தாயார் ஜயம்மாள் பின்னால் இருந்து பாடினார். 1976-இல் சத்யஜித் ராய் பாலசரஸ்வதியைப் பற்றி ஒரு படம் எடுத்தார். பார்க்காதவர்கள் பார்க்கவேண்டும்.

கிராமபோன் வந்தபொழுது பதத்துக்கு ஒரு கஷ்டம் வந்தது. பத்து அங்குலத் தட்டு நிமிஷத்துக்கு 78 முறை சுற்றும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்று முன்பின்னாகத்தான் பாட்டு அடங்கும். நிதானமாகப் பாட வேண்டிய பதத்தை மூன்று நிமிஷத்துக்குள் அடைக்க வேண்டுமானால், சரணத்தைக் குறைக்க வேண்டும். அல்லது காலத்தைத் துரிதப்படுத்த வேண்டும். ஆகவே, பழைய பதங்களின் முழு உருவம் தட்டுக்களில் இல்லை. பாடிய வீடுகளில்தான் இருந்தது. அந்த வீடுகளோ மாறிப் போயின. 1947-ஆம் வருஷம் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. சிறு பெண்களைப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை அது நிறுத்தியது. அது நியாயமான காரியம். ஆனால் அந்தக் குடும்பங்களின் பெண்கள் நாட்டியத்தை மறைத்துக்கொண்டார்கள். பாட்டையும் கூடவே மறைத்துக்கொண்டார்கள். வேறு வீட்டுப் பெண்கள் மேடையேறி ஆடத் தொடங்கிய அதே காலத்தில், இந்த வீடுகளில் சலங்கை பரண்மேல் ஏறியது.

அப்படிப்பட்ட ஒரு வீடு, நாம் சொன்ன சாலையிலிருந்து பிரிந்து போகும் ஒரு வண்டிப் பாதையின் முடிவில் இருக்கிறது. சைக்கிள் செயின் கழன்ற ஒரு பங்குனிக் காலையில், கையலம்பத் தண்ணீர் கேட்டு நாம் அந்தத் திண்ணைக்குப் போனோம். வீட்டுக்குரிய பாட்டிக்கு எண்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். நாம் செயினை மாட்டுகிறபொழுது ஏதோ முணுமுணுத்திருக்கிறோம். பாட்டி சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, யார் துரத்தறாங்க? இவ்வளவு வேகமாப் பாடறே?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து பங்குனி ஞாயிற்றுக்கிழமைகளில் நமது பிரயாணம் திருவையாறு வரை போவதில்லை. அந்தத் திண்ணையோடு நின்றுவிடுகிறது.

பாட்டி மேடையில் ஆடியதில்லை, பாடியதும் இல்லை. அவருடைய பாட்டியார் நாட்டியத்துக்குப் பாடியவர். அவர் அடுப்படியில் வேலை செய்துகொண்டே பாடியதைக் கேட்டுக் கேட்டுப் பாடமாயிற்று என்று சொன்னார். "சட்டம் நல்லதுதான்மா செஞ்சுது. ஆனா, அந்தப் பாட்டெல்லாம் எங்கே போகும்னு யாரும் கேக்கலை," என்று ஒரு நாள் சொல்லி, அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவரிடம் நாம் முதன்முதலில் கற்றுக்கொண்டது பாட்டு அல்ல, நிதானம். நாம் ஒரு வரியைத் திருப்பிப் பாடினால், மூன்றாவது ஆவர்த்தனத்துக்குள் நம்மை அறியாமலே ஓடத் தொடங்கிவிடுவோம். பாட்டி ஒன்றும் சொல்லமாட்டார். தொடைமேல் வைத்த விரலைச் சற்று அழுத்தித் தட்டுவார். அது நமக்கு வகுப்பறையில் பிரம்பு தட்டும் சத்தம்போல் கேட்கும்.

ஒரு நாள், நமது பள்ளி விளையாட்டு விழாவில் நடந்த மெதுவாகச் சைக்கிள் விடும் பந்தயத்தைப் பற்றி அவரிடம் சொன்னோம். இந்தப் பந்தயத்தை அறியாத தமிழர் இரார். கடைசியாக வந்து சேருகிறவருக்கே பரிசு. ஆனால் தரையில் கால் ஊன்றக் கூடாது. வேகமாகப் போகிறபொழுது சைக்கிள் பெரும்பாலும் தானே நிமிர்ந்து நிற்கும்; கை சற்று அசைந்தால் போதும். மெதுவாகப் போகும்பொழுதோ, வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹாண்டில்பாரைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கணம் அயர்ந்தால் கால் தரைக்கு வந்துவிடும். நமது பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயங்களில் எல்லாம் முதல் பரிசு வாங்குகிற பெண், இந்தப் பந்தயத்தில் நான்கு கெஜத்துக்குள் விழுந்துவிட்டாள்.

பாட்டி நெடுநேரம் சிரித்தார். பிறகு, "இதைத்தாம்மா எங்க பாட்டி சொல்லுவா. துரிதத்துல யாரும் பாடிடலாம். காலை ஊனாம மெதுவாப் போகணும், அதுதான் பதம்," என்றார்.

காலப்பிரமாணம் என்பதன் பொருள் நமக்கு அன்றைக்குத்தான் விளங்கிற்று. வேகம் அல்ல அது, மந்தமும் அல்ல. எடுத்துக்கொண்ட காலத்தைக் கடைசிவரை விடாமல் பிடித்திருப்பதுதான். ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் மிதி கனக்கும்பொழுது தாளத்தை இழுக்காமலும், இறக்கத்தில் வண்டி தானே ஓடும்பொழுது தாளத்தை ஓடவிடாமலும் இருக்கப் பழகுகிறவருக்கு, இதைவிடச் சிறந்த பாடசாலை கிடையாது.

இனிச் சொல்லப்போவது நமக்குப் பெருமை தருகிற விஷயம் அல்ல. ஆனால் அதைச் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினோம்.

சென்ற வருஷம் பங்குனியில் பாட்டி, தமக்கு நினைவிருந்த மூன்று தெலுங்குப் பதங்களை எழுதிக்கொள்ளச் சொன்னார். மூன்றும் நாம் தேடிய எந்தப் புத்தகத்திலும் அகப்படாதவை. முதல் ஞாயிறு ஒன்று, இரண்டாம் ஞாயிறு ஒன்றாக இரண்டைத் தமிழெழுத்தில் எழுதி, கைப்பேசியிலும் பதிவு செய்துகொண்டோம். மூன்றாவது பதம், மிச்ர சாபு தாளத்தில் அமைந்தது. நாயகன் வருவதாகச் சொன்ன வேளையில் வரவில்லை, நாயகிக்குக் கோபம். பல்லவி, அநுபல்லவி, இரண்டு சரணங்கள் எழுதியாயிற்று. மணி எட்டைத் தாண்டிவிட்டது. வெயில் திண்ணையில் பாதிவரை ஏறிவிட்டது. மறுநாள் பொதுப் பரீட்சை. நாம் போய் அறைப் பட்டியல் எழுதவேண்டும்.

"மூணாவது சரணம் இருக்கு. அதுலதான் அவ சமாதானம் ஆறா. இரு, எழுதிக்கோ," என்றார் பாட்டி.

"பரீட்சை முடியட்டும் பாட்டி. முடிஞ்சதும் வந்து, முழுசா எழுதி, பதிவும் பண்ணிக்கறேன்," என்று சொல்லிவிட்டு நாம் சைக்கிளில் ஏறினோம்.

பத்து நிமிஷம் போதியிருக்கும். பத்து நிமிஷம் இருந்திருந்தால் அறைப் பட்டியல் ஓடிப் போயிராது. கைப்பேசியும் கையிலேயே இருந்தது. யந்திரம் இல்லாமற் போகவில்லை. நாம்தான் இல்லாமற் போனோம்.

பரீட்சை முடிந்தது. விடைத்தாள் திருத்தும் வேலை வந்தது. அது முடிவதற்குள் அக்கினி நட்சத்திரம் வந்தது. பிறகு பள்ளிக்கூடம் திறந்தது. மேட்டூரில் தண்ணீர் திறந்து, வண்டிப் பாதையெல்லாம் சேறாகிக் கிடந்த ஆடி மாதத்தில் நாம் மறுபடியும் அந்தத் திண்ணைக்குப் போனோம். சித்திரை வெயிலில் பாட்டிக்குக் கடுமையான ஜுரம் கண்டு, இரண்டு வாரம் படுக்கையில் கிடந்ததாக மருமகள் சொன்னார். எழுந்த பிறகு ஞாபகம் முன்போல் இல்லை. நம்மை அடையாளம் தெரிந்தது. "டீச்சரா? வாம்மா," என்றார். மூன்றாவது பதத்தைப் பாடச் சொன்னோம். பல்லவி வந்தது, இரண்டு சரணங்களும் வந்தன. அப்புறம் நின்றார்.

"இருக்கும்மா, வரமாட்டேங்கறது," என்றார்.

ஆனால் விரல் நிற்கவில்லை. மூன்றும் நான்கும், மூன்றும் நான்குமாகத் தொடைமேல் விரல் தட்டிக்கொண்டே போயிற்று. கண்கள் மூடியிருந்தன. உதடுகள் அசையவில்லை. கணக்கு உபாத்தியாயினிக்கு எண்ணுவதைத் தவிர வேறு என்ன தெரியும்? நாம் எண்ணினோம். பதினாறு ஆவர்த்தனங்கள் முடிந்ததும் விரல் சரியாக நின்றது. பாட்டி பல்லவியை எடுத்தார். அந்தச் சரணம் அவரிடமிருந்து போய்விட்டது. அது இருந்த இடம் மட்டும், ஒரு தட்டுக் கூடாமலும் குறையாமலும், அப்படியே இருந்தது.

நமது நோட்டுப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் பதினாறு வெற்றுக் கட்டங்கள் வரைந்து வைத்திருக்கிறோம். அந்த நாயகி அங்கே இன்றும் கோபமாகவே இருக்கிறாள். குறித்த வேளையில் நாயகன் வராததற்கு அவள் கோபித்துக்கொண்டாள். நாமும் குறித்த வேளையில் போகாதபடியால் அவளுக்குச் சமாதானம் கிடைக்கவில்லை.

சங்கீதத்தில் எடுப்பு என்று ஒன்று உண்டு. பாட்டைத் தாளத்தின் முதல் தட்டிலேயே ஆரம்பிக்கலாம், அது சமம். தாளத்துக்கு முந்தி ஆரம்பிக்கலாம், அது அதீதம். தாளம் தொடங்கிச் சற்றுத் தள்ளி ஆரம்பிக்கலாம், அது அனாகதம். ஆகவே, முந்துவதும் குற்றம் அல்ல. பிந்துவதும் குற்றம் அல்ல. ஆனால் எங்கே எடுக்கிறோம் என்று பாடுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தாளம் நமக்காகக் காத்திராது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பது அனாகதம் அல்ல; அது தாளம் தப்புதல். திருக்குறளில் 49-ஆவது அதிகாரத்துக்குக் 'காலமறிதல்' என்று பெயர். அதைப் பரீட்சைக்காகப் படித்தபொழுது, அரசர்களுக்கும் போர்வீரர்களுக்கும் சொன்னது என்று நினைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போகிற உபாத்தியாயினிக்கும் அது சொல்லப்பட்டதுதான் என்று இப்பொழுது தெரிகிறது.

நமது தாயார் 1992-இல் சைக்கிள் கற்றுக்கொண்டபொழுது அவருக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. "இந்த வயதில் என்ன சைக்கிள்?" என்று கேட்டவர்களுக்கு அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "இப்ப விட்டா அப்புறம் எப்ப?" அவரிடமிருந்து நமக்கு வண்டி வந்துசேர்ந்தது, அந்தப் பதில் வந்துசேர வெகு நாளாயிற்று.

இந்த வருஷம் பங்குனி முதல் தேதியிலிருந்தே நாம் போய்க்கொண்டிருக்கிறோம். தனியாக அல்ல. நான்கு கெஜத்தில் விழுந்துவிட்டாள் என்று சொன்னோமே, அந்த மாணவியும் தன் சைக்கிளில் கூட வருகிறாள். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த சைக்கிள் அது. முதல் இரண்டு பதங்களும் அவளுக்குப் பாடம் ஆகிவிட்டன. பாட்டிக்கு முன்னால் அவள் பாடும்பொழுது நாம் கைப்பேசியை முதலிலேயே திண்ணைமேல் வைத்துவிடுகிறோம். மூன்றாவது பதத்தில், இரண்டாவது சரணம் முடிந்ததும் மூவரும் பேசாமல் பதினாறு ஆவர்த்தனம் தாளம் போடுகிறோம். பிறகு பல்லவியை எடுத்துக்கொள்கிறோம். வழியில் போகிறவர்கள் பார்த்தால் இதென்ன பைத்தியம் என்றுதான் நினைப்பார்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதாவது ஆவர்த்தனத்தின் நடுவில், பாட்டி கண்ணைத் திறக்காமலே ஒரு சொல்லைச் சொன்னார். ஒரே ஒரு சொல். அதன் முன்னும் பின்னும் என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. நாமும் வற்புறுத்திக் கேட்கவில்லை. ஒன்பதாவது கட்டத்தில் அதை எழுதிக்கொண்டோம். இன்னும் பதினைந்து கட்டங்கள் இருக்கின்றன. பங்குனியில் இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. வெயில் ஏறினாலும் ஏறட்டும் என்று சித்திரையிலும் போவதாகத் தீர்மானித்திருக்கிறோம்.

நேயர்களுக்கு நாம் சொல்லக்கூடியது அதிகம் இல்லை. உங்கள் வீட்டிலோ, உங்கள் சைக்கிள் எட்டக்கூடிய தூரத்திலோ, ஒரு பாட்டியார் இருப்பார். அவருக்கு ஒரு தாலாட்டோ, கும்மிப் பாட்டோ, பழைய நாட்டியப் பதமோ தெரிந்திருக்கும். டயரில் காற்று இருக்கிறதா என்று இன்று இரவே பார்த்துவிடுங்கள். காலை ஐந்தரை மணிக்குப் புறப்படுங்கள். நிதானமாக மிதியுங்கள், ஆனால் நாளைக்கே புறப்படுங்கள். அவர் "இரு, எழுதிக்கோ" என்று சொன்னால், இருந்து எழுதிக்கொள்ளுங்கள்.